கோழைக்குழி

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் மலையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து துடைப்பமும் இரும்புச் சட்டியுமாக அந்தக் குழிக்குள்ளேயே கிடப்பாள். மேலிருந்து சத்தம் போட்டால் தலை மட்டும் எட்டிப் பார்க்கும். அதனால் குழியக்கா. சம்பளம் கொடுக்கிற ஆபீசர்கூட, "அந்தக் குழியம்மாவை வரச் சொல்லு" என்பார். அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

நான் அதே மலையுச்சியில் டிக்கெட் கொடுக்கிறவள். கண்ணாடியில் அரைவட்டமாக ஒரு ஓட்டை, தலைக்கு மேலே கிறீச்சிடும் விசிறி, கையில் ரப்பர் முத்திரை. வருகிறவர்களுடைய முகத்தைவிட விரல்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மலையில் ஒரு காலத்தில் பெரிய சண்டை நடந்தது. நம் ஆட்கள் மேலே, எதிரி கீழே. பிடித்தார்கள், விட்டார்கள், மறுபடி பிடித்தார்கள். கடைசியில் மலை நம்முடையது என்று ஆனபோது அதைக் கொண்டாட மேலே உயிரோடு இருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இப்போது அங்கே செத்தவர்கள் பெயர் வெட்டிய சலவைக்கல் சுவர் இருக்கிறது. சக்கரம் வைத்த துருப்பிடித்த பீரங்கி இருக்கிறது. பீரங்கிமேல் ஏறக்கூடாது என்ற பலகை இருக்கிறது, பலகைக்குப் பின்னால் பீரங்கிமேல் ஏறி உட்கார்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். பழைய மண்மூட்டைகள் மழையில் மக்கிப்போனதால் அதே மாதிரி சிமெண்டில் செய்து வண்ணம் அடித்து அடுக்கியிருக்கிறோம். வீரம் அப்படியே இருக்கிறது, மூட்டை மட்டும் புதுசு.

ஆனால் ஜனங்கள் ஏறி வருவது சுவரைப் பார்க்க இல்லை, குழியைப் பார்க்க. மேற்குப் பாதையில் கொஞ்சம் இறங்கினால் குழாய்க் கம்பி கட்டிய ஒரு பள்ளம் வரும். பக்கத்தில் கூழாங்கல் குவியல். "கோழைக்குழி" என்று பலகை. அங்கே நின்று கதை சொல்கிறவன் மீசை. அந்தச் சண்டையில் பிழைத்த ஒரு கை விரல்களில் அவனும் ஒருவன். அவனுடைய கையில் இரண்டு விரல் இல்லை, அதை ஈடுகட்டும் அளவுக்கு மீசை உண்டு, மீசைக்கு வாரம் தவறாமல் மையும் உண்டு.

"மேல நம்ம பசங்க நாக்கு வறண்டு சாகுறாங்க," என்று ஆரம்பிப்பான். "அப்ப தண்ணி சுமக்குற ஒருத்தன், கூலிக்கு வந்தவன், கேனைத் தூக்கி எறிஞ்சுட்டு இந்த வழியா ஓடினான். அவன் ஓடுறதைப் பாத்த பிறகுதான் இப்படி ஒரு வழி இருக்குன்னே எதிரிக்குத் தெரிஞ்சது. அந்த வழியாவே ஏறி வந்தான். மேற்குப் பக்கம் நின்ன நம்ம பசங்க ஒருத்தன்கூட மிச்சமில்ல. ஓடினவன் தப்பிச்சானா? இந்தக் குழியில கெடந்தான். குண்டு எங்க பாஞ்சிருந்தது? நெஞ்சிலயா? முதுகுல! புறமுதுகு!"

இந்த இடத்தில் நிறுத்துவான். பிறகு குனிந்து ஒரு கல்லை எடுத்து, காறித் துப்பிவிட்டு உள்ளே எறிவான். வந்தவர்கள் எல்லோரும் எறிவார்கள். கைக்குழந்தையின் விரலை மடக்கிக் கல்லைக் கொடுத்து எறியவைக்கும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தவனே மீசைதான். இப்போது பலகையில் "தொன்றுதொட்டு வரும் வழக்கம்" என்று எழுதியாகிவிட்டது. தொன்று என்பது போன ஆபீசர் காலம்.

குழியக்காவின் வேலை என்னவென்றால், சாயங்காலம் ஏணி வைத்துக் குழிக்குள் இறங்கி, விழுந்த கற்களையெல்லாம் சட்டியில் பொறுக்கி, மேலே கொண்டுவந்து பழையபடி குவியலில் கொட்ட வேண்டும். மறுநாள் வருகிறவர்களுக்குக் கல் இல்லாமல் போய்விடக் கூடாதல்லவா. அதே கல், அதே குழி. காலையில் நேரம் இருந்தால் சலவைக்கல் சுவரில் பறவை எச்சத்தைத் துடைப்பாள். எழுத்துக்குள் புகுந்ததைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நோண்டி எடுப்பாள். சுவரில் வேலை சுருக்காக முடியும். குழியில்தான் மெதுவாக இருப்பாள்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு மழை நாளில். ஈ காக்கை வரவில்லை. டிக்கெட் அறையில் இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன்க்கா, அந்தத் தண்ணிக்காரனுக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்திருப்பால்ல? எங்க போய் முகத்தை ஒளிச்சுக்கிட்டு இருக்காளோ?"

அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். "எங்கயும் போகலடி. உன் டப்பாவுலதான் கை நனைச்சுக்கிட்டு இருக்கா."

நான் பிசைந்த சோற்றை அப்படியே டப்பாவில் வைத்தேன். அவள் அழாமல் சொன்னாள். அடிவாரச் சுனையிலிருந்து மேலே தண்ணீர் சுமக்கக் கூலிக்கு ஆள் எடுத்தார்கள். அவள் புருஷன் போனான். அன்றைக்கு விடிகிற நேரத்தில் மேலே சொட்டுத் தண்ணீர் இல்லை. எடுத்து வா என்றார்கள், காலிக் கேன்களை மாட்டிக்கொண்டு இறங்கினான். பனிமூட்டம். கீழே ஏதோ அசைகிறது என்று மேலிருந்து நம் ஆட்களே சுட்டார்கள்.

"இறங்குறவனுக்கு முதுகு மேல பாத்துதானே இருக்கும்?" என்றாள். "மேல இருந்து சுட்டா வேற எங்கடி படும்?"

எதிரி அதற்கு முன்பே அந்த வழியைக் கண்டுபிடித்திருந்தான். அன்றைக்கு மேற்கில் தோற்றதற்குக் காரணம் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது, செத்தவன் எதிர்த்துப் பேச மாட்டான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். பிணத்தைக்கூட யாரும் தூக்கவில்லை, விழுந்த குழியிலேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். பாதி மூடிய அந்தப் பள்ளத்துக்குத்தான் இப்போது கம்பி கட்டியிருக்கிறோம்.

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னதுக்கா?"

"மீசைதான். தண்ணி எடுத்துட்டு வான்னு அனுப்பினதே அந்த ஆளுதானாம். முதல் தடவை நான் யாருன்னு சொன்னப்ப அழுதாரு. 'நான்தாம்மா அனுப்பினேன், தொண்டை எரிஞ்சுது'ன்னாரு."

"அழுதுட்டு, மறுநாள் வந்து அதே கதையைச் சொன்னானா?"

"கேட்டேன். 'கதையில ஒரு கோழை இல்லேன்னா வீரனை எப்படிம்மா காட்டுறது?'ன்னாரு. 'நான் சொல்லலேன்னா வேற ஒருத்தன் சொல்லுவான், அவன் இன்னும் மோசமா சொல்லுவான்'னாரு."

நான் எழுந்தே விட்டேன். ஆபீசரிடம் போய் அந்த மீசையை மழித்துவிட்டுத்தான் மறுவேலை என்று கிளம்பினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒரே மகன். அப்பா லாரியில் அடிபட்டுச் செத்தார் என்றுதான் அவனுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறாள். கோழை மகன் என்ற பெயருக்கு லாரியில் அடிபட்டவன் மகன் என்ற பெயர் தேவலாம் என்று. மலைப்பக்கமே அவனை வரவிட்டதில்லை. உண்மை வெளியே வந்தால் முதலில் தான் சொன்ன பொய்தான் வெளியே வரும், அதோடு மகனும் போய்விடுவான் என்று பயந்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்புறம் எதுக்குக்கா இந்த வேலைக்கு வந்த? கண்காணாம எங்கயாவது போயிருக்கலாமே?"

"அவரு மேல கல்லு விழுதுல்லடி," என்றாள். "எடுத்து விட ஒரு ஆள் வேணாமா?"

அதற்குப் பிறகு நான் மீசையோடு பேசுவதை நிறுத்தினேன். அவனுக்கு அது ஒன்றும் நட்டமில்லை. அவன் பேசுவதைக் கேட்கத்தான் பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்தார்களே. டிவியில்கூட ஒரு முறை வந்தான்.

மகன் வளர்ந்து ஏசி மெக்கானிக் ஆனான். கெட்டிக்காரன், கை சுத்தம், ஆனால் கொஞ்சம் மேலே பார்த்து நடக்கிற ரகம். அம்மா மலைமேல் கூட்டுகிறாள் என்று சொல்ல வெட்கம், "நினைவிட ஆபீசில் வேலை" என்பான். ஒரு இரும்புக் கடைக்காரர் வீட்டில் ஏசி மாட்டப் போனவன் அந்த வீட்டுப் பெண்ணின் மனசையும் மாட்டிக்கொண்டு வந்தான். பெண்ணின் அப்பா விசாரித்தார், பையன் பிடித்திருந்தது, பேச்சு முடிந்தது. குழியக்கா அன்றைக்கு எனக்கு இனிப்பு வாங்கி வந்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஒரு வாரம் கழித்து என் ஜன்னல் ஓட்டையில் அவள் விரல்கள் தெரிந்தன.

"அவங்க மலைக்கு வரணுங்குறாங்கடி. ரெண்டு குடும்பமும் சேந்து."

"வரட்டுமே. நீ வாயைத் திறக்காத வரைக்கும் யாருக்குத் தெரியப்போகுது?"

"சம்பந்தியோட அண்ணன் இந்தச் சண்டையில செத்தவராம். மேற்குப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்து அந்தப் பேரைத் தொட்டுட்டுப் போகணுமாம்."

மேற்குப் பக்கம். தண்ணிக்காரனால் செத்ததாக மீசை தினம் சொல்கிற அந்தப் பையன்களில் ஒருவன். இது தெரிந்தால் கல்யாணம் மட்டுமா நிற்கும்?

இருவரும் மீசையிடம் போனோம். பேசாமல் இருந்த நானும் போனேன், காரியம் ஆக வேண்டுமே. அவன் பீரங்கிக்குப் பின்னால் கைக்கண்ணாடியை மாட்டி மை பூசிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒரே ஒரு நாள்," என்றாள் அவள். "அன்னைக்கு மட்டும் குழிப்பக்கம் கூட்டிட்டுப் போகாதீங்க. வேற எதுவும் கேக்கல. எம் புள்ளை வாழ்க்கை."

"என்னம்மா நீ, இதுக்குப் போயா கையெடுத்துக் கும்பிடுற?" அவன் பதறிப்போனான். அந்த ஆளிடம் அந்த ஈரம் உண்டு, அதுதான் இன்னும் எரிச்சல். "உன் வீட்டுக்காரருக்கு நான் பட்ட கடனுக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா? மீசைமேல சத்தியம்."

சத்தியம் பண்ணிய இடத்தில் மை இன்னும் காயவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அவள் விடுப்பு எடுத்து, நல்ல உடுப்பு உடுத்தி, தலைவாரி, பார்வையாளராக ஏறி வந்தாள். மகன் டிக்கெட் வாங்கினான். அவள் இங்கே கூட்டுகிறவள் என்று அவர்களுக்குத் தெரியக் கூடாதே, நான் யாரோ மாதிரி கிழித்துக் கொடுத்தேன். அவள் யாரோ மாதிரி என்னைத் தாண்டிப் போனாள். பெண்ணின் அப்பா நல்ல ஆகிருதி, உரத்த குரல், வெள்ளை மனசு. அந்த மாதிரி ஆட்களிடம்தான் பயம். கெட்டவனாக இருந்தால் எப்போது கையை ஓங்குவான் என்று தெரியும்.

ஜன்னலில் "சிறிது நேரத்தில் வருகிறேன்" அட்டையைத் தொங்கவிட்டு, தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

சுவரில் அண்ணன் பெயரைத் தொட்டு அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். மகன் தோளைப் பிடித்துக்கொண்டான். பொருத்தமாகத்தான் இருந்தது. பிறகு மீசை சொன்னபடியே கிழக்கே திரும்பினான். "வாங்க, அருங்காட்சியகம் பாக்கலாம்."

"இருங்க சார். குழி எங்க?"

"அந்த வழி மழையில சரிஞ்சு கெடக்கு ஐயா. இன்னொரு நாள்..."

"அதோ போறாங்களே அத்தனை பேரு?" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க அண்ணன் செத்தது அந்த நாயால. ஒரு கல்லு போடாம நான் மலை இறங்குறதா? எங்க அம்மா சாகும்போது கேட்டது இது ஒண்ணுதான்."

அவர் பாட்டுக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள். குழியக்கா கடைசியாகப் போனாள்.

குழியருகே மீசை முடிந்தமட்டும் சுருக்கினான். "இங்கதான் ஒருத்தன் ஓடிவந்து விழுந்தான். அவ்வளவுதாங்க." நானே ஆச்சரியப்பட்டேன். சத்தியத்துக்கு மதிப்பு இருக்கிறது போல என்று நினைத்தேன்.

"அவ்வளவுதானா?" என்றார் சம்பந்தி. "டிவில எவ்வளவு நல்லா சொன்னீங்க. வயசாயிடுச்சோ, மறந்துபோச்சோ?"

சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. மீசையின் முகம் மாறியது. அவனை அடித்தால்கூடப் பொறுத்துக்கொள்வான், கதையில் கை வைத்தால் பொறுக்க மாட்டான். தொண்டையைச் செருமினான். ஆரம்பித்தான். நான் எத்தனையோ முறை கேட்ட கதை, அன்றைக்குச் சொன்ன மாதிரி ஒரு நாளும் சொன்னதில்லை. சம்பந்தியின் அண்ணன் பெயரையே உள்ளே சேர்த்தான். அவர் கடைசி மூச்சில் "ஓடிட்டானே பாவி" என்று சொன்னதாகப் புதிதாக ஒரு வரி வேறு. சொல்லச் சொல்ல அவனுக்கே கண்ணீர் வந்தது. எதிரே நின்ற அவளை ஒரு முறைகூட அவன் பார்க்கவில்லை.

சம்பந்தி கல்லை எடுத்து எறிந்தார். அவர் மனைவி எறிந்தாள். கல்யாணப் பெண் எறிந்தது கம்பியில் பட்டுத் தெறித்தது, எல்லோரும் சிரித்தார்கள். அவள் பெரிதாக ஒன்றைத் தேடி எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தாள்.

குழியக்கா முன்னால் வந்து மகனின் மணிக்கட்டைப் பிடித்தாள். தலை சுற்றுகிறது என்று அவனை ஓரமாக இழுத்தாள். நான் பாட்டிலோடு பக்கத்தில் போய் நின்றேன்.

"போடாதடா," என்றாள். "கீழ இருக்கிறது உங்கப்பா."

அவனுக்குப் புரியவில்லை. "லாரின்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்."

"அப்ப இந்த ஆளு சொல்றது?"

"அதுவும் பொய். தண்ணி எடுக்கத்தான் இறங்கினாரு. அனுப்பினதே அந்த மீசைக்காரன். கேளு, இங்கதானே நிக்கிறான், கேளு."

மகன் மீசையைப் பார்த்தான். மீசைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். மகனின் முகம் கறுத்தது. கல்லை இறுக்கிய கை மேலே எழுந்தது. அந்தக் கல் மீசையின் மண்டைக்குத்தான் போகப்போகிறது என்று நான் நினைத்தேன். போகட்டும், ரத்தம் வரட்டும், கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்று மனசார வேண்டினேன்.

"என்ன மாப்பிள்ளை, அம்மாவும் புள்ளையும் ரகசியம்?" சம்பந்தி கூப்பிட்டார். "கல்லு கனமா இருக்கா?"

பெண் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒண்ணுமில்ல மாமா," என்றான். "அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கல."

கம்பியருகே போனான். ஓங்கி எறிந்தான். குழியின் நட்டநடுவில் விழுந்து, கீழே இருந்த கற்களைச் சிதறவைத்தது. கூட்டம் "ஓ" என்றது. அவன் குனிந்து இன்னொரு கல்லை எடுத்தான். அதைக் கொண்டுவந்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவனே மடக்கிவிட்டான்.

"போடும்மா," என்றான் மெதுவாக. "எல்லாரும் பாக்குறாங்க."

அவள் போட்டாள். துப்பவில்லை, அது ஒன்றுதான். சம்பந்தி கை தட்டினார். "சம்பந்தியம்மா கல்லுலதான் எங்க அண்ணன் ஆத்மா சாந்தியாச்சு," என்றார். பிறகு பீரங்கிக்கு முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் அவளை நிறுத்தினார்கள்.

மறுநாள் காலையில் நான் வரும்போதே ஏணி குழிக்குள் இறங்கியிருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் சேர்த்துவைத்த வசவையெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொட்டினேன். அவன் ஒரு மனுஷனா, பெத்த அப்பன்மேல் தெரிந்தே கல்லெறிந்தவனுக்குப் பொண்டாட்டி ஒரு கேடா, அவன் கை விளங்குமா என்று.

"கையை ஒண்ணும் சொல்லாதடி," என்றாள் கீழேயிருந்து.

"வீட்டுக்குப் போயாவது ஒரு வார்த்தை கேட்டானா? அப்பனைப் பத்தி?"

"கேக்கல. கல்யாணத் தேதி குறிச்சாச்சுன்னான். வேலையை விடச் சொல்லிட்டான். மலைப்பக்கம் இனிமே கால் வைக்கக் கூடாதாம். நாளைக்கு யாராவது பாத்து, எதையாவது சொல்லி..." சட்டியில் ஒரு கல் விழுந்தது. "இன்னைக்கோட சரி."

"நீ என்னக்கா சொன்ன?"

"சரின்னேன்."

அவள் குனிந்து குனிந்து பொறுக்கினாள். பெரிய கல் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள், அதுதானா என்று அவளுக்கும் தெரியவில்லை, சட்டியில் போட்டாள். பிறகு நிமிர்ந்து, கண்ணுக்கு மேலே கையை வைத்து என்னைப் பார்த்தாள்.

"நேத்து அவன் எப்படி வீசினான், பாத்தல்ல? தோள்பட்டையைச் சாய்ச்சு, ஒரு காலை முன்னால வச்சு, கொஞ்சம்கூடக் குறி தப்பாம..." அவள் குரலில் பெருமைதான் இருந்தது, வேறு எதுவும் இல்லை. "அப்படியே அவங்கப்பா கைடி."